ஆலன் டூரிங்கும் அவர்தம் காகிதப் பொறியும்

கோயம்புத்தூரை அடுத்த போத்தனூர், இருப்புப்பாதைச் சந்திப்பு என்ற அளவிலேயே நம்மிற் பலரால் அறியப்படும் ஊர். அவ்வூரில் 1881-ம் ஆண்டு எதெல் ஸாரா ஸ்டோனி என்னும் பெண்மகவு பிறந்தது. தந்தையார் எட்வர்ட் வாலர் ஸ்டோனி சென்னை இருப்புப்பாதையின் தலைமை எஞ்சினீயர் பதவிவரை உயர்ந்தவர். ஆறுகளுக்குப் பாலம் அமைத்ததோடு, கூரையினின்று தொங்கும் பங்காவை ஓசையின்றி இழுத்தற்கு ஒரு சக்கரமும் கண்டுபிடித்தவர். எதெல் அம்மையார் 1907-ம் ஆண்டு, சென்னை மாகாணத்தில் ஐ.ஸி.எஸ். உத்தியோகம் பார்த்துவந்த ஜூலியஸ் மாத்திஸன் டூரிங் என்பாரை மணந்தார். மூத்த மகன் ஜான் 1908-ல் குன்னூரிற் பிறந்தான். அக்காலத்துச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்ததும் இக்காலத்து ஒடிசாவைச் சேர்ந்ததுமான சத்ரபூரில் பெற்றோர் வாழ்ந்திருந்த நாளில் இளையவனைத் தாய் கருக்கொண்டு, இலண்டன் சென்று, 1912-ம் ஆண்டு ஜூன் மாதம் 23-ம் தேதி ஈன்றெடுத்தார். அவ்விளையவனே ஆலன் மாத்திஸன் டூரிங். கணிப்பொறி என்னுங் கருத்துக்குக் கணித உருவங் கொடுத்தவர் என்று அவரை உலகம் அறியும். அவருடைய தாயார் பிறந்த மண் நம் கொங்குநாட்டு மண் என்பதை நம் மாணவர் அறிதல் அருமையாகவே உள்ளது.

அப்பெரியாரின் செயல்கள் யாவற்றையும் இச்சிறு கட்டுரையில் அடக்க யாம் கருதவில்லை. சதுரங்கப் பலகையின்மேல் மிகச் சிறிய காயாகிய காலாளின் விலை என்ன என்னும் வினா அவர் வாழ்க்கையில் ஒருமுறை எழுந்தது. அதற்கு அவர் எழுதிவைத்த விடையும், அவ்விடையை அவர் சோதித்துப் பார்த்த முறையுமே எம் மனத்தைக் கவர்ந்தன. பிற செய்திகளை அதற்கு வேண்டுமளவே கூறுவோம்.

தந்தையார் உத்தியோகத்தின் பொருட்டு இந்தியாவில் இருக்க, பிள்ளைகள் இருவரும் இங்கிலாந்தின் தென்கடற்கரையில் ஓய்வுபெற்ற படைத்தலைவர் ஒருவர் இல்லத்தில் விடப்பட்டு வளர்ந்தனர். நம் மாகாணத்துச் சம்பளத்தில் உண்டு, நம் மாகாணத்தைக் காணாமலே வளர்ந்த சிறுவர் அக்காலத்தில் பலர். இவர் அவருள் ஒருவர். 1926-ல் ஷெர்போர்ன் பள்ளியிற் சேரவேண்டிய முதல் நாள் நாடெங்கும் பொது வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. வண்டிகள் ஓடவில்லை. பதினான்கு வயது நிரம்பாத அச்சிறுவர், சௌதாம்ப்டன் துறைமுகத்தினின்று ஏறத்தாழ 60 மைல் தொலைவைச் சைக்கிளிற் கடந்து, இடையில் ஓரிரவு தங்கி, பள்ளிக்கு வந்து சேர்ந்தார். பள்ளியில் அவர் பெற்ற ஒரே உற்ற நண்பர் கிறிஸ்டபர் மார்கம் என்பார். 1930-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அந்நண்பர் காசநோயால் இறந்தார். உடல் அழிந்தபின் உள்ளம் என்னாகும், உள்ளம் என்பதுதான் யாது என்னும் ஆராய்ச்சி அத்துயரத்தினின்றே அவரிடம் வேரூன்றிற்று என்று அவர் வரலாற்றை ஆராய்ந்தோர் கருதுகின்றனர். எமக்கும் அது பொருத்தமாகவே தோன்றுகின்றது.

1931-ல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியிற் புகுந்தார். 1935-ல் அக்கல்லூரியின் ஆய்வாளராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அடுத்த ஆண்டு, தம் இருபத்துநான்காம் வயதில், கணிக்கத்தக்க எண்களைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரையை எழுதினார். முடிவில்லாத ஒரு நாடா, அதிற் கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து எழுதியும் அழித்தும் நகரும் ஒரு பொறி, இவ்வளவே அவர் கற்பித்தது. விதி தெளிவாக எழுதப்படுமாயின் எக்கணக்கையும் அப்பொறி செய்யும் என்றும், எந்தப் பொறியாலும் முடிவுகாண இயலாத வினாக்களும் உண்டு என்றும் அதிற் காட்டினார். பின்னர் அமெரிக்காவிற் பிரின்ஸ்டன் சென்று அலோன்ஸோ சர்ச் என்னும் பேராசிரியரிடம் பயின்று 1938-ல் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பினார்.

1939-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 3-ம் தேதி இங்கிலாந்து போரறிவித்தது. மறுநாளே அவர் பிளெட்ச்லி பார்க் என்னும் மறைவிடத்திற் பணியேற்றார். ஜெர்மானியர் எனிக்மா என்னும் பொறியால் மறைத்தெழுதிய செய்திகளை வெளிப்படுத்துவதே ஆங்குப் பணி. அதன்பொருட்டு அவர் வகுத்த பாம்பே என்னும் பொறியும், கடற்படைச் செய்திகளை வெளிப்படுத்த அவர் கண்ட வழிகளும் இன்று உலகறிந்தவை. எம் பொருளுக்கு வேண்டியது வேறொன்று. சதுரங்க வல்லுநர் பலரை அரசாங்கத்தார் அப்பணிக்குத் தேடிச் சேர்த்தனர். 1938-ல் பிரிட்டிஷ் சாம்பியனாக விளங்கிய ஹியூ அலெக்ஸாண்டர், ஸ்டூவர்ட் மில்னர்-பாரி, ஹாரி கோலம்பெக் என்னும் மூவரும் 1939-ல் புவனஸ் அயர்ஸ் நகரில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடில் ஆடிக்கொண்டிருக்கையிற் போர் மூளவே, ஆட்டத்தை இடையில் விட்டு வந்தவர்கள். மூவரும் பிளெட்ச்லியை அடைந்தனர். 1941-ம் ஆண்டு அக்டோபர் மாதம் ஆட்பற்றாக்குறையை முறையிட்டுச் சர்ச்சிலுக்கு நேரே எழுதப்பட்ட கடிதத்தில் டூரிங், வெல்ச்மன், அலெக்ஸாண்டர், மில்னர்-பாரி ஆகிய நால்வரும் ஒப்பமிட்டனர். மில்னர்-பாரி அதனைத் தாமே கொண்டுசென்று பிரதமர் மாளிகையிற் சேர்ப்பித்தார்.

இத்தகைய வல்லுநரிடையே இருந்தும் டூரிங் சதுரங்கத்தில் மெலிந்தவராகவே இருந்தார். தோல்வியை ஒப்புக்கொண்டு அவர் எழுந்தபின், கோலம்பெக் பலகையைத் திருப்பி, டூரிங் கைவிட்ட அதே நிலையினின்று ஆடி வென்றுகாட்டினார் என்று ஒரு கதை வழங்குகின்றது. ஓட்டத்தில் வல்லவராகையால் டூரிங் ஒரு புது ஆட்டமும் வகுத்தார்: ஒரு நகர்வு ஆடிவிட்டு வீட்டைச் சுற்றி ஓடிவர வேண்டும், எதிரி ஆடுமுன் திரும்பிவந்தால் மற்றொரு நகர்வும் அவருக்கே உரியது. நம் கலாசாலை ஓட்டப்பந்தய வீரர்கள் இதனைச் செய்து பார்க்கலாம்.

ஆட வல்லார் தம் வன்மைக்குக் காரணங் கூறுதல் அரிது. ஆடத் தெரியாதவனே ஆட்டத்தை விதி விதியாகப் பிரித்து எழுத முற்படுவான் என்பது எம் துணிபு. டொனால்ட் மிக்கி, ஜாக் குட் என்னும் இளைஞரோடு டூரிங் போர்க்காலத்திலேயே, பொறியொன்று சதுரங்கம் ஆடுமோ என்று பேசலானார். 1948-ல் தம் கேம்பிரிட்ஜ் நண்பரும் பொருளாதார அறிஞருமாகிய டேவிட் சாம்பர்னௌன் என்பாரோடு கூடி அதற்குரிய விதிகளை வகுத்தார். இருவர் பெயரையும் இணைத்து அவ்விதிக்கோவைக்குத் தூரோசாம்ப் என்று பெயராயிற்று. அதனை இயக்கத்தக்க பொறி அன்று உலகில் இல்லை. ஆகவே அவரே பொறியானார். காகிதமும் பென்சிலும் கொண்டு, விதி சொன்னபடி கணக்கிட்டு, கணக்குச் சொன்ன காயை நகர்த்தினார். ஒரு நகர்வுக்கு ஏறத்தாழ அரைமணி நேரம் ஆயிற்று.

அவ்விதிகள் யாவை எனின், முதலிற் காய்களுக்கு விலை. காலாளுக்கு 1, குதிரைக்கு 3, மூலைவாட்டாய்ச் செல்லும் மந்திரிக்கு 3½, நேர்கோட்டிற் செல்லும் யானைக்கு 5, ராணிக்கு 10. தன் ஒவ்வொரு நகர்வையும், அதற்கு எதிரியின் ஒவ்வொரு மறுமொழியையும் பொறி எண்ணிப் பார்க்கும். அதன்பின் வெட்டும் நகர்வுகளுட் குறித்த சிலவற்றை மட்டும், அவை அடங்கும் வரை தொடர்ந்து பார்க்கும். இறுதியில் இருபக்கத்துக் காய்களின் விலையையும் ஒப்பிட்டு, தனக்கு மிகுதி தரும் நகர்வைத் தேர்ந்துகொள்ளும். இரண்டு நகர்வுகள் சமமாயின் மட்டுமே நிலைநலத்தைப் பார்க்கும். காய்கள் செல்லத்தக்க கட்டங்கள் எத்தனை, காவல் உண்டா, ராஜா கோட்டை கட்டிக்கொண்டாரா, காலாள் எத்தனை அடி முன்னேறிற்று என்பனவற்றிற்குச் சிறுசிறு மதிப்பெண்கள் இடப்பட்டிருந்தன. காலாள் முன்னேறும் ஒவ்வோர் அடிக்கும் 0.2 என்பது அவற்றுள் ஒன்று.

ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது ஒன்றுண்டு. காய்விலையே முதன்மை, நிலைநலம் சமனானபோது வழக்கைத் தீர்க்க வரும் சாட்சி. ஆகவே எவ்வளவு பெரிய நிலைநலமும் ஒரு காலாளின் விலையை மிஞ்ச இயலாது. நிலைநலங் கருதி ஒரு காலாளை ஈந்துவிடுதல் என்னும் செயல் அப்பொறிக்கு விதியாலேயே விலக்கப்பட்டது. வல்ல ஆட்டக்காரர்களோ இதனை நாள்தோறும் செய்வர். ஒரு காலாளைக் கொடுத்து யானைக்கு ஒரு நெடுவழியைத் திறப்பர். அல்லது எதிரியின் காய்களை மூலையில் முடக்குவர். அதன் பலன் மூன்று நான்கு நகர்வுகளில் வாராது. இருபது நகர்வு கழித்து வரும். எங்கிருந்து வந்ததென்று தோற்றவனுக்கே விளங்காது. சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் செல்லும் வழியில் உள்ள எம் குமராட்சியில், கொள்ளிடத்து நீர் பாயும் கழனியில், உழவர் ஆண்டுதோறும் நல்ல விதைநெல்லைச் சேற்றில் இறைக்கின்றனர். குதிரின் நெல்லை மட்டும் எண்ணத் தெரிந்த கணக்கன் ஒருவன் அருகிலிருந்தால், அன்றைய மாலை அவ்வீட்டுக்கு நட்டம் என்றே எழுதுவான். அவன் எண்ணியதிற் பிழையில்லை. எண்ணத் தொடங்கிய இடமே குறுகியது. தூரோசாம்ப் அத்தகைய கணக்கன்.

1948-ல் அது சாம்பர்னௌனின் மனைவியாரை வென்றது; அவர் ஆட்டத்துக்குப் புதியவர். 1952-ல் மான்செஸ்டரில் அலிக் கிளென்னி என்னும் உடன்பணியாளரோடு ஆடிய ஆட்டம் முழுமையாக எழுதிவைக்கப்பட்டுள்ளது. அவ்வாட்டம் பிற்காலத்துக்கு ஓர் ஆவணம் ஆதலின் அதனைச் சற்று விரித்துக் கூறுவோம்.

வெள்ளைக்காய் பொறிக்கு, கறுப்பு கிளென்னிக்கு. தொடக்கத்திலேயே பொறி ஓரத்துக் காலாட்களை இருபுறமும் காரணமின்றி முன்னே தள்ளிற்று, அடிக்கு 0.2 என்னும் விதியின் சாயல் அதிற் காணப்படுகின்றது. பத்தாம் நகர்வில் பொறியின் மந்திரி செக் வைத்தது. கிளென்னி அதனைக் காலாளால் மறித்தார், அது தவறு. பொறி அக்காலாளை வெட்டியது. திருப்பி வெட்டினால் மந்திரி மீண்டும் செக் வைத்து மூலை யானையையும் கவரும்; ஆதலின் கிளென்னி கோட்டை கட்டிக்கொண்டு, மற்றொரு காலாளையும் போகவிட்டார். இரண்டு காலாள் பொறிக்கு இலாபம். பின்னர்க் கிளென்னியின் குதிரை ஒன்றை மீட்டது. இதனை ஈகை என்று பெயரிட யாம் துணியோம். அது நெருக்கடியாற் பறிபோனது. ஆயினும் விளைந்த பலன் ஈகையின் பலனே. ராணிப் பக்கத்தில் இரண்டு நெடுவழிகள் கறுப்புக்குத் திறந்துவிட்டன. அவ்விரண்டிலும் கிளென்னியின் யானைகள் வந்து நின்றன. பொறியோ, கோட்டை கட்டுதற்கு மதிப்பெண் உண்டாகையால், 18-ம் நகர்வில் தன் ராஜாவை அதே ராணிப் பக்கத்திற்குக் கொண்டுசென்றது. திறந்த கதவுக்கு எதிரே கட்டிலிட்டுப் படுத்தது போலாயிற்று.

21-ம் நகர்விற் கறுப்புராணி ஓரத்துக் காலாளை வெட்ட, காய்கள் சமனாயின. பொறியின் ராஜா கோட்டையை விட்டு வெளியே வந்து தன் யானைக்கு முன்னே நின்றது. 28-ம் நகர்வு முடிந்தபோது இருபக்கத்தும் ஒரு ராணி, இரண்டு யானை, ஒரு மந்திரி, ஆறு காலாள், முற்றும் சமம். ராணிகள் இரண்டும் எதிரெதிரே வெட்டும் நிலை. ராணிக்கு ராணி மாற்றிக்கொண்டிருப்பின் ஆட்டம் சமனாகவே தொடர்ந்திருக்கும். ஆனால் எதிரே காவலற்ற காலாள் ஒன்று நின்றது. 29-ம் நகர்விற் பொறியின் ராணி அக்காலாளை வெட்டியது. கிளென்னி ஒரு யானையை அருகிலுள்ள வழிக்கு நகர்த்தினார். பொறியின் ராணி தன் ராஜாவுக்கும் எதிரியின் யானைக்கும் இடையே அகப்பட்டு, விலகவும் இயலாது நின்றது. யானை நகர்ந்த நிலையோடு பொறியின் கணக்கு முடிந்துவிடும். அந்நிலையில் எதுவும் வெட்டப்படவில்லை. எனவே ஒரு காலாள் இலாபம் என்றே அது கண்டது. பொறியின் பக்கமாக டூரிங் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

இத்தோல்வியை எள்ளுவாரும் உளர். யாம் அவரோடு உடன்படோம். தம் விதி தம்மைப் படுகுழிக்கு இட்டுச்செல்வதை அரைமணிக்கு ஒருமுறை கண்ணாரக் கண்டும், அவ்விதியின் கணக்கைக் கையாற் போட்டு நகர்த்தியவர் அவர். தம் கருத்தைத் தாமே இவ்வாறு சோதனைக்கு உட்படுத்துவோர் சிலரே. அவருடைய கையெண்ணிக்கையிலும் பிழைகள் இருந்தன. பிற்காலத்தார் அவ்விதிகளை உண்மைக் கணிப்பொறியில் ஏற்றிப் பார்த்தபோது, எழுதிவைத்த ஆட்டத்தின் சில நகர்வுகள் ஒவ்வவில்லை. அதனால் அச்சோதனையின் மாண்பு குறையாது. தம் முறையையும் அவ்வாட்டத்தையும் 1953-ல் வெளிவந்த ஒரு நூலில் மறைக்காமல் அச்சிட்டார். தோல்வி என்பதற்காக ஒதுக்கிவைக்கவில்லை.

இனி எழுதுவது துயரமானது. அதே 1952-ல் ஆண்மகன் ஒருவனோடு கொண்ட உறவின் பொருட்டு அவர்மேல் வழக்குத் தொடரப்பட்டது. மார்ச் மாதம் 31-ம் தேதி குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. சிறைக்கு மாறாக, ஓராண்டு ஹார்மோன் மருந்து ஏற்றிக்கொள்ள அவர் இசைந்தார். அரசாங்கத்தின் மறைபொருட்பணி அவருக்கு மூடப்பட்டது. அவர் காத்த நாடு அவரை எடைபோட்டபோது போர்க்காலத் தொண்டு தட்டில் வைக்கப்படவே இல்லை. அது மறைபொருளாகையால் நீதிமன்றத்தில் விரித்துரைக்கவும் இயலவில்லை. 1954-ம் ஆண்டு ஜூன் மாதம் 7-ம் தேதி, 41-ம் வயதில், ஸயனைடு நஞ்சால் இறந்தார். தற்கொலை என்பது விசாரணையின் முடிவு. இரசாயனச் சோதனையில் நேர்ந்த விபத்தென்றே தாயார் இறுதிவரை நம்பினார். போத்தனூரிற் பிறந்த அவ்வம்மையார் 1959-ல் தம் மகனின் வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்டு, 1976 வரை வாழ்ந்தார். 2009-ல் பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரௌன் நாட்டின் சார்பில் வருத்தந் தெரிவித்தார்; 2013-ல் அரசியார் மன்னிப்பு வழங்கினார்; 2021-ல் ஐம்பது பவுன் நோட்டில் அவர் உருவம் அச்சாயிற்று. நம் நாட்டில் ஆங்கிலேயர் 1860-ல் விட்டுச்சென்ற இதனையொத்த சட்டத்தை, வயது வந்தோர் மனமொத்த உறவைப் பொறுத்தவரை, நம் உச்சநீதிமன்றம் 2018-ல் நீக்கிற்று.

நிற்க. அவர் தொடங்கிய சோதனை அவரோடு முடியவில்லை. பிளெட்ச்லியில் உடனிருந்த டொனால்ட் மிக்கி எடின்பரோவில் பேராசிரியரானார். அவரிடம் பயின்ற டானி கோபெக்கும், இவான் பிராட்கோ என்னும் ஸ்லொவீனிய அறிஞரும் 1982-ல் 24 நிலைகள் கொண்ட சோதனைத் தொகுதி ஒன்றை வெளியிட்டனர். அவற்றுட் பாதி வெட்டுக்குத்து ஆட்டம். மற்றப் பாதி, காலாளை நகர்த்தி எதிரியின் அணியை நெம்பித் திறக்கும் நிலைகள். பின்வந்த பொறிகள் முதற்பாதியில் விரைந்து தேர்ச்சிபெற்றன. நிலைநலமே அவற்றுக்கு நெடுநாள் மலையாக நின்றது. காலாளை ஈதலைச் சோதிப்பதிற் சிக்கல் ஒன்றுண்டு. பொறி சரியான நகர்வைக் காட்டினாலும், அதன் பொருளுணர்ந்து காட்டிற்றா, ஏதேனும் ஒரு காயை வெல்லும் வழி தொலைவில் தென்பட்டதாற் காட்டிற்றா என்று பிரித்தறிதல் எளிதன்று. ஆகவே சோதிப்போர் பொறி எத்துணை ஆழத்தில் தன் மனத்தை மாற்றுகின்றது என்று பார்ப்பர். பின்னர் அந்நிலையினின்றே பல ஆட்டங்கள் ஆடவைத்து, கொடுத்த காலாளுக்கு ஈடு கிடைத்ததா என்றும் பார்ப்பர்.

1997-ல் நியூயார்க்கில் டீப் புளூ என்னும் பொறி, காஸ்பரோவோடு ஆடிய இரண்டாம் ஆட்டத்தில், காலாட்களைக் கவரும் வழி இருக்க அதனை விடுத்து எதிரியை முடக்கும் நகர்வைத் தேர்ந்தபோது, அவ்வுலக சாம்பியன் மனிதர் கை புகுந்ததோ என ஐயுற்றார். 2017-ல் ஆல்பாஸீரோ என்னும் பொறி, காய்விலை எதுவும் கற்பிக்கப்படாமல், தன்னோடு தானே ஆடிப் பயின்று, அந்நாளைய வலிய பொறியாகிய ஸ்டாக்பிஷ்ஷோடு 100 ஆட்டம் ஆடி 28-ல் வென்று, ஏனையவற்றைச் சமன்செய்தது. காலாட்களை ஈந்து நெடுநேரம் பொறுத்திருந்து வென்ற ஆட்டங்கள் அவற்றுட் பல.

2012-ல் டூரிங் நூற்றாண்டு விழாவின்போது மான்செஸ்டரில் காஸ்பரோவே தூரோசாம்ப்பின் எதிரே அமர்ந்தார். 16 நகர்வில் வென்றார். சதுரங்கப் பலகையுடைய நண்பர்கள் கிளென்னி ஆட்டத்தின் 28-ம் நகர்வு முடிந்த நிலையைப் பலகையில் வைத்து, வெள்ளைக்காய்ப் பக்கம் அமர்ந்து, காவலற்று நிற்கும் அக்காலாளைச் சற்று நேரம் நோக்கிவிட்டு, பின்னர்த் தம் கைப்பேசியிலுள்ள பொறியிடமும் அதனையே கேட்டுப் பார்ப்பாராக.